மழைக்கு முன் ஒரு பழைய நூலக அறை: எதை முதலில் செய்வது?

எழுதியவர்: பொறுப்பாசிரியை, யாழ்ப்பாணம்

அனைவருக்கும் வணக்கம். கடனீரேரிக் கரையோரமாக உள்ள சிறியதொரு கத்தோலிக்கக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். நூலகத்தைப் பார்த்துவந்தவர் ஓய்வு பெற்றபோது சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. அந்தத் துறையில் நான் எதுவும் படித்தவள் அல்ல. மாணவர்கள் பயன்படுத்தும் நூலகம் புதிய கட்டடத்தில் நல்ல நிலையில் இருக்கிறது. என் கவலையெல்லாம் பழைய குருமனையின் (குருக்கள் தங்கும் இல்லத்தின்) மேல்மாடியில் ஓட்டுக்கூரையின் கீழ் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையைப் பற்றியது.

அங்கே நான்கு அலுமாரிகளும் இரண்டு மரப்பெட்டிகளும் வாய் தைத்த ஓர் உரப்பையும் இருக்கின்றன. அலுமாரிகளில் இலத்தீன் இறையியல் நூல்கள், பிரெஞ்சு அகராதிகள், தமிழில் அச்சான செபப் புத்தகங்கள், கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தைத்த 'சத்தியவேத பாதுகாவலன்' இதழ்கள் ஆகியவற்றைப் பார்த்தேன். பெட்டிகளில் பழைய சேர்வு இடாப்புகளும் (மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளும்), அதிபர்கள் எழுதிவைத்த சம்பவத்திரட்டுப் புத்தகங்களும், ஒளிப்படங்களும், கயிறு அறுந்த ஒரு பனையோலைச் சுவடிக் கட்டும் உள்ளன. உரப்பையை நான் இன்னும் பிரிக்கவில்லை. 1995 ஒக்டோபரில் போரினால் ஊரே வெளியேறிய இடப்பெயர்வின்போது யாரோ கிழக்கே சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிக்குச் சுமந்துபோய்ப் பின்னர் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது என்று மட்டும் சொல்கிறார்கள்.

அறையின் தென்மேற்கு மூலையில் மழை ஒழுகுகிறது. சென்ற மாரியில் நனைந்த ஓர் இடாப்பை நானே முற்றத்தில் வெயிலில் காயவைத்தேன். மாலையில் பார்த்தபோது அட்டை பொரித்த அப்பளம் போல வளைந்திருந்தது. ஓரத்து எழுத்துகள் மங்கியிருந்தன. அதற்குப் பிறகு எதையும் தொடுவதற்குப் பயமாக இருக்கிறது.

இப்போது மூன்று யோசனைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் ஸ்கானர் வாங்கப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். பெற்றோர் தரப்பில் ஒருவர், ஒரு சனிக்கிழமை சிரமதானம் வைத்து, உக்கியவற்றை எரித்துவிட்டு மிச்சத்தைத் துடைத்து அடுக்கலாம் என்கிறார். இன்னொருவர், இவ்வளவையும் ஒரு பெரிய நூலகத்துக்குக் கொடுத்துவிடுவதே நல்லது என்கிறார். அதிபராக இருக்கும் அருட்தந்தை, மழை தொடங்குமுன் நான் ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்றும், பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். எதை முதலில் செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1: சுவடிக்கூடத்துக் கிழவன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் சிரமதானத்தை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கறையானும் மழையும் அழித்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் நல்ல மனத்தோடு துப்புரவு செய்தவர்கள் ஒரே நாளில் அழித்ததற்கு அவை ஈடாகா. எரிப்பதற்கென்று முற்றத்தில் குவிப்பவை எப்போதும் அட்டை போனவையாகவும் பூச்சி அரித்தவையாகவும்தான் இருக்கும். பழையவற்றுள் பழையவையும் அவைதாம். சொல்லப்போனால், தோல் அட்டையோடு மிடுக்காக நிற்கும் இலத்தீன் தொகுதிக்கு ஐரோப்பாவில் பல பிரதிகள் இருக்கக்கூடும். உக்கிய சேர்வு இடாப்புக்கோ உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

தொடுவதற்கு முன் அறை முழுவதையும் இருக்கிறபடியே படம் எடுங்கள். அலுமாரிக்கு ஒரு எழுத்து, தட்டுக்கு ஓர் எண் என்று வைத்து, ஒவ்வொரு தட்டையும் இடமிருந்து வலமாகப் படம் பிடித்தால் போதும்; கைத்தொலைபேசியே தாராளம். ஒரு கடிதக் கட்டு எந்தப் புத்தகத்துக்குள் செருகியிருந்தது, எந்த இடாப்பின் அருகில் எந்தப் படம் கிடந்தது என்பவையெல்லாம் பொருளுள்ள செய்திகள். அடுக்கைக் கலைத்துவிட்டு, பெயர் எழுதாத ஒரு குழுப்படத்தைத் தனியே எடுத்து வைத்தீர்களானால், அதில் இருப்பவர்கள் யார் என்று இனி எவராலும் சொல்ல முடியாமற் போகலாம்.

அடுத்தது கூரை. ஸ்கானருக்குத் தருவதாகச் சொல்லும் பணத்தில் ஒரு பங்கை ஓடு மாற்றவும் பீலி சரிசெய்யவும் கேளுங்கள். பெயர்ப்பலகை வைக்க முடியாத செலவு என்பதால் அதற்குக் கொடை கிடைப்பது கடினம், ஆனாலும் கேளுங்கள். கூரை வேலை முடியும்வரை தென்மேற்கு மூலையிலுள்ள அலுமாரியை அறையின் நடுப்பக்கம் நகர்த்திவிடுங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர்கள் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஆகையால் எந்த அலுமாரியும் சுவரோடு ஒட்டி நிற்கக் கூடாது. நாலு விரற்கிடையாவது இடைவெளி வேண்டும். கீழ்த்தட்டு நிலத்திலிருந்து அரையடி உயர்ந்திருக்க வேண்டும். அலுமாரிக்குப் பின்னால் கறையானின் மண்கோடு ஏறுகிறதா என்று அப்போதுதான் உங்களால் பார்க்கவும் முடியும்.

ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெப்பநிலை 18 முதல் 22 பாகை, சாரீரப்பதன் (காற்றின் ஈர அளவு) 45 முதல் 55 சதவீதம் என்று பாடநூல்கள் சொல்லும். நம் ஊரில் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அந்த எண்களை நினைத்துக்கொண்டிருந்தால் நித்திரைதான் கெடும். சாரீரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் முளைக்கும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். எண்களைக் காட்டும் சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, காலையும் மாலையும் அளவை ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். மழையில்லாத பகலில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள்; மழை நாளில் மூடிவிட்டு, காற்றாடியை மெல்லச் சுழல விடுங்கள். குளிரூட்டி பூட்டித் தருவதாக எவராவது சொன்னால், இரவும் பகலும் ஓடவிடுவதற்கு மின்கட்டணம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பகலில் ஓடி இரவில் நிற்கும் குளிரூட்டியால் புத்தகங்கள் நாள்தோறும் வியர்த்து உலரும். அதைவிடக் குளிரூட்டி இல்லாமல் இருப்பது மேல்.

பூஞ்சணம் பிடித்தவற்றைக் கண்டால் தனியறைக்கு மாற்றி, நிழலில், காற்றில் உலரவிடுங்கள். தூள்போல் உலர்ந்த பிறகுதான், வெளியில் நின்று, மூக்குக்கு நல்ல முகக்கவசம் அணிந்து, மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் பங்கசு தாளுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். வெயிலில் காயவைத்ததற்காக நொந்துகொள்ளாதீர்கள்; என் காலத்தில் எங்களுக்கு அப்படித்தான் கற்பித்தார்கள்.

பூச்சிகளை இனம்பிரித்துப் பாருங்கள். இராமபாணம் தாளின் மேற்பரப்பையும் பசையையும் சுரண்டித் தின்னும்; ஊசியால் குத்தியது போன்ற வட்டத் துளைகள் வண்டுப் புழுவின் வேலை. துளைக்குக் கீழே மாவுபோல் புதிய தூள் விழுந்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று பொருள். அந்தப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, இறுக ஒட்டி, பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல், இயன்றால் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு முழுநாள் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் படியும். ஐஸ்கிரீம்கடைப் பெட்டகம் ஒன்றை இரவல் வாங்கி நாங்கள் இதைச் செய்திருக்கிறோம். மீன் வைத்த பெட்டகத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மீன்பிடி ஊரான குருநகரின் நண்பர்கள் மன்னிக்க வேண்டும். கண்ணாடி நெகற்றிவ்கள், ஒளிப்படங்கள், ஓலைச்சுவடி ஆகியவற்றை அதற்குள் வைக்க வேண்டாம். அந்துருண்டை போட்டால் பூச்சிக்கு ஆவதைவிட உங்கள் நெஞ்சுக்கு ஆகும் கேடு அதிகம்.

இவ்வளவும் முடிந்த பின் பட்டியல் எழுதுங்கள். பென்சிலால்தான் எழுத வேண்டும். அறைக்குள் மைப்பேனாவே வரக்கூடாது. எண்ணைப் புத்தகத்தில் எழுதாமல், இடையில் வைக்கும் தாள் துண்டில் எழுதுங்கள். கல்லூரி முத்திரை குத்தும் ஆசை யாருக்காவது வந்தால் முத்திரையை ஒளித்துவிடுங்கள்.


மறுமொழி 2: பழைய மாணவன், ரொறன்ரோ

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் முற்றாக உடன்பட முடியவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. கத்தோலிக்கக் குருவும் பன்மொழி அறிஞருமான தாவீது அடிகளார் அதைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார் என்பதைக் கத்தோலிக்கப் பாடசாலையில் படித்த எங்களில் அறியாதவர் இல்லை. அந்த நூலகத்தில் கூரையும் நன்றாக இருந்தது, பட்டியலும் இருந்தது. இல்லாதது வேறோர் இடத்தில் ஒரு பிரதி. 1995இல் என் தகப்பனார் வீட்டில் விட்டுவந்த புத்தகங்களில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

ஆகவே கூரைக்காகவும் பட்டியலுக்காகவும் காத்திருக்காமல், இந்த விடுமுறையிலேயே மாணவர்களைக் கொண்டு எல்லாவற்றையும் ஸ்கான் செய்யத் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. எங்கள் ஆண்டுக் குழுவினர் பணம் தருகிறோம் என்று சொன்னது வெறும் பேச்சு அல்ல. மூலம் அழிந்தாலும் உருவம் மிஞ்சும் அல்லவா?


மறுமொழி 3: சுவடிக்கூடத்துக் கிழவன்

தம்பி, உங்கள் நோவு எனக்கும் உண்டு. வேறோர் இடத்தில் பிரதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஸ்கான் செய்வதற்கு முன் செய்ய வேண்டியதைத்தான் சொன்னேன்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் எடுத்தால் 2,480 க்கு 3,508 புள்ளிகள் வரும். அதைச் சுருக்காமல் ரிஃப் (TIFF) என்ற படக் கோப்பாக வைத்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 26 மெகாபைற்று. 300 பக்க இடாப்பு ஒன்றுக்கே எட்டு கிகாபைற்றுக்கு அண்மையில் வரும். இதை ஒரு வன்தட்டில் மட்டும் வைத்தால், ஒற்றைப் பிரதி என்ற அதே ஆபத்தைத் தாளிலிருந்து இரும்புப் பெட்டிக்கு மாற்றியதாகத்தான் ஆகும். மூன்று பிரதிகள், இரு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது குறைந்தபட்ச ஒழுங்கு. உங்கள் குழுவால் முதல் ஆண்டில் ஸ்கானர் வாங்க முடியும். பத்தாம் ஆண்டில் வன்தட்டை மாற்றப்போகிறவர் யார் என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள்.

பட்டியல் இல்லாமல் எடுத்த படங்களுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? 'புதிய கோப்புறை', 'புதிய கோப்புறை 2' என்று ஆயிரக்கணக்கான படங்கள் கிடந்த கணினி ஒன்றை ஓரிடத்தில் கண்டேன். எடுத்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். எந்தப் பக்கம் எந்தப் புத்தகத்துக்குரியது என்று சொல்ல எவரும் இல்லை.

இன்னொன்று. தட்டையான ஸ்கானரில் தைத்த புத்தகத்தைக் கவிழ்த்து அமுக்கினால் முதுகு முறியும். புத்தகத்தைப் பாதி விரித்துத் தாங்கும் மரத்தொட்டிலும், மேலிருந்து பார்க்கும் ஒரு கமெராவும், இருபுறமும் இரண்டு விளக்குகளும் போதும். தொட்டிலை ஊர்த் தச்சரே செய்து தருவார். இதில் பழகியவர்கள் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறார்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் எழுத்துகளை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தாரிடம் போய்ப் பேசுங்கள். உங்களிடம் உள்ள 'பாதுகாவலன்' கட்டுகளில் எந்த ஆண்டுகள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்று கேட்டால் பாதி வேலை குறையலாம். 1876இல் தொடங்கிய பத்திரிகை அது. மலிவான பத்திரிகைத்தாளின் அமிலம் அதைத் தானாகவே எரித்துக்கொண்டிருக்கிறது. தொட்டால் ஓரம் உதிர்கிற ஆண்டுகளை முதலில் எடுங்கள். அந்த அளவில் உங்கள் அவசரம் நியாயமானது.

எதை இணையத்தில் இடலாம் என்பதற்கும் வரையறை உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கிறது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1947இல் மறைந்தார். அவருடைய 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' போன்றவற்றைத் தயக்கமின்றி இடலாம். அண்மையில் மறைந்த குருக்களின் கையெழுத்துப் படிகளைப் படம் எடுத்து வைக்கலாம். வெளியிட அவர்களுடைய சபையிடமோ உறவினரிடமோ கேட்க வேண்டும்.


மறுமொழி 4: பங்குப் பணிமனை எழுத்தர்

நான் ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த சமூகத்தில்) பல வருடங்களாகப் பதிவேடுகளைப் பார்த்துவருபவள். ஆசிரியை அவர்கள் அந்த மரப்பெட்டிகளில் இடாப்புகளோடு ஞானஸ்நானப் பதிவேடு ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குருமனையும் கல்லூரியும் ஒரே வளவில் இருந்த இடங்களில் இப்படிக் கலப்பது வழக்கம். இருந்தால் அது கல்லூரியின் சொத்து அன்று, பங்கினுடையது. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 535ஆம் இலக்கம் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகிய பதிவேடுகளைப் பங்குச் சுவடியகத்தில் காக்கச் சொல்கிறது. 491ஆம் இலக்கம் ஆலயங்களின் ஆவணங்களுக்குப் பட்டியல் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அங்கேயும் மற்றதை மறைமாவட்டச் சுவடியகத்திலும் வைக்கச் சொல்கிறது. கல்லூரிக்கு இது நேராகப் பொருந்துமா என்று சட்டம் அறிந்தவர்கள் வாதிடட்டும். பட்டியலின் இரண்டாம் பிரதியை ஆயர் இல்லத்தில் கொடுத்துவைப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை. 1997இல் உரோமையிலிருந்து திருச்சபைச் சுவடியகங்களின் மேய்ப்புப்பணி பற்றி வந்த சுற்றுமடலையும் உங்கள் அதிபர் சுவாமிக்குக் காட்டுங்கள். பழைய தாள்களைப் பேணுவது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு அன்று என்று சொல்வதற்கு அது உதவும்.

பதிவேடுகளை மாணவர்களைக் கொண்டு படம் எடுப்பிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சேர்வு இடாப்பிலும் சரி, ஞானஸ்நானப் பதிவிலும் சரி, தகப்பன் பெயர் எழுதாத பிள்ளைகள் இருக்கிறார்கள். சாதி குறித்த பதிவுகள் இருக்கின்றன. தத்தெடுத்த விவரம் ஓரத்தில் எழுதியிருக்கிறது. ஏன் விலக்கப்பட்டான் என்று அதிபர் எழுதிய ஒரு வரி இருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அடுத்த ஒழுங்கையில் வசிக்கிறார்கள். நான் வேலை செய்யும் இடத்தில், உயிரோடு இருக்கக்கூடிய எவரைப் பற்றிய பக்கத்தையும் பங்குத்தந்தையின் எழுத்து அனுமதியின்றிக் காட்டுவதில்லை. இணையம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெரிய நூலகத்துக்குக் கொடுப்பது பற்றியும் ஒரு சொல். கொடுக்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். பட்டியல் இல்லாமல் கொடுத்தால் என்ன கொடுத்தோம் என்பது உங்களுக்கும் தெரியாது, என்ன வாங்கினோம் என்பது அவர்களுக்கும் தெரியாது. ஓரிடத்தில் இப்படிக் கொடுத்த இரண்டு பெட்டிகளைப் பின்னர் தேடிப் போனோம். பொறுப்பாளர் மாறியிருந்தார். பெட்டிகள் வந்ததற்கான எழுத்து எதுவும் அங்கு இல்லை.

உங்களிடம் இல்லாதவற்றை எங்கே தேடுவது என்றும் ஒருநாள் கேள்வி வரும். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற காலத்தில் பல பாடசாலைகளின் பழைய தாள்கள் குருமனைகளிலேயே தங்கிவிட்டன. அயலிலுள்ள குருமனைகளில் விசாரியுங்கள். 1847இல் இங்கு வந்த அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் தங்கள் பணி பற்றி ஐரோப்பாவுக்கு ஓயாமல் கடிதம் எழுதியவர்கள். அவர்களுடைய சபை 1862 முதல் பிரெஞ்சில் வெளியிட்ட மறைபணி இதழில் யாழ்ப்பாணக் கடிதங்களும் இடம்பெற்றன. இங்கே அழிந்த ஒரு விவரம் அங்கே அச்சில் இருக்கக்கூடும்.


மறுமொழி 5: கட்டுநர் மகன்

ரீச்சர், எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் புத்தகம் கட்டியவர். நானும் கட்டுகிறேன். மற்றவர்கள் சொல்லாத இரண்டு விடயங்களை மட்டும் சொல்கிறேன்.

கிழிந்த பக்கத்துக்குச் செலோரேப் ஒட்ட வேண்டாம். சில வருடங்களில் நாடா கழன்று விழுந்துவிடும். அதன் பசை மட்டும் தேன்நிறத்தில் தாளுக்குள் இறங்கி நிற்கும். அதை எடுக்க எங்களால் முடியாது. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் உரிக்காமல் விட்டுவிடுங்கள். பக்கங்களைப் பிளாஸ்ரிக் உறையிட்டுச் சூட்டில் ஒட்டும் லமினேற்றிங் அதைவிட மோசம். பிறகு ஒருபோதும் பிரிக்க முடியாது. சம்பவத்திரட்டுக்கு அப்படிச் செய்து தரும்படி ஓர் அதிபர் கேட்டு வந்தார், கைகூப்பி மறுத்தேன்.

இரண்டாவது, அப்பா காலத்துக் கோதுமை மாப்பசை. பூச்சி வராமல் இருப்பதற்காக அதில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் துத்தத்தில் உள்ள செம்பு தாளைக் கருக்கிவிடுகிறது. அப்பா கட்டிய புத்தகங்களின் உள்மூட்டில், பசை பட்ட அகலத்துக்கு ஒரு கபிலப் பட்டை ஓடுகிறது. மடித்தால் முறுக்குப் போல ஒடிகிறது. இப்போது நான் துத்தம் கலக்காத தூய மாப்பசையும் யப்பான் மென்தாளும்தான் பயன்படுத்துகிறேன். தண்ணீர் பட்டால் பிரிந்துவிடும் பசை என்பதுதான் அதன் நன்மை; எனக்குப் பின் வருபவர் என் பிழையைத் திருத்தலாம்.

ஆனால் சம்பவத்திரட்டில் எழுத்துகள் கபில நிறமாகி, எழுத்தைச் சுற்றி மங்கலான வளையம் தெரிந்தால் அந்தப் பசையையும் தொடக் கூடாது. அது இரும்பு மை. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய அந்த மை, ஈரம் பட்டால் பரவித் தாளைத் தின்னும். நான் கண்ட ஒரு பக்கத்தில் கையொப்பம் இருந்த இடம் முழுவதும் உதிர்ந்து, கையொப்பத்தின் வடிவிலேயே ஓட்டை இருந்தது. அப்படிப்பட்ட புத்தகத்தை அமிலமற்ற தாளில் சுற்றி, படுக்கவைத்து, பெட்டியில் மூடிவிடுங்கள். திறக்கிற ஒரே தடவையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அமிலமற்ற தாள் கிடைக்காவிட்டால் கஞ்சி போக்கத் தோய்த்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணி போதும். செய்தித்தாளில் மட்டும் சுற்ற வேண்டாம்.

ஓலைச்சுவடியின் கயிற்றை மாற்ற அவசரப்படாதீர்கள். ஏடுகளின் வரிசை குலையாமல் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, பருத்தி நாடாவால் தளரக் கட்டிவைத்தால் இப்போதைக்குப் போதும். எண்ணெய் பூசுவதற்குத் தெரிந்தவர்கள் வரட்டும். வீட்டில் இருக்கிற எண்ணெய் எதையும் பூசிவிட வேண்டாம்.


மறுமொழி 6: பொறுப்பாசிரியை, யாழ்ப்பாணம்

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

சிரமதானம் நடந்தது, ஆனால் கூரையில். பெற்றோர் சங்கத்தினர் ஓடு மாற்றினார்கள். அறைக்குள் எவரையும் விடவில்லை என்பதில் ஒருவருக்கு என்மேல் இன்னும் மனத்தாங்கல் உண்டு. அலுமாரிகளை நகர்த்தியபோது ஒன்றின் பின்னால், இடுப்பளவு உயரத்துக்கு மண்கோடு ஏறியிருந்தது. இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தால் 'பாதுகாவலன்' கட்டுகளைத் தொட்டிருக்கும். ஈரப்பதமானியின் அளவு காலையில் 70ஐத் தாண்டுகிறது. யன்னல் திறந்த நாட்களில் மாலையில் இறங்கிவிடுகிறது. பட்டியல் இரண்டாம் அலுமாரிவரை வந்திருக்கிறது. பழைய செபப் புத்தகங்களின் தலைப்புகளை அச்சில் உள்ளபடி ஒருமுறையும், இன்றைய எழுத்துமுறையில் ஒருமுறையுமாக எழுதுகிறேன்; பழைய றா, னை எழுத்துருக்களைக் கண்டு மாணவர்கள் திகைக்கிறார்கள் என்பது எனக்கு வகுப்பிலேயே தெரியும். மரப்பெட்டியில் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்று இருந்தது. அருட்தந்தை அதைத் தாமே எடுத்துச் சென்று பங்கில் ஒப்படைத்து, எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கி வந்தார்.

நேற்று உரப்பையைப் பிரித்தோம். அருட்தந்தையும் நானும் மட்டும் இருந்தோம். தையலை வெட்டுமுன் படம் எடுத்தேன். உள்ளே ஒரு படுக்கை விரிப்பு, அதற்குள் பொலித்தீன், அதற்குள் சேர்வு இடாப்புகளும் இரண்டு சம்பவத்திரட்டுப் புத்தகங்களும் சில கடித உறைகளும். ஓரங்களில் மட்டும் இராமபாணம் சுரண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளில், கொண்டுபோனவர் பென்சிலால் பட்டியல் எழுதி வைத்திருந்தார். பெயரோ திகதியோ இல்லை. பதினொரு பொருட்கள், இலக்கமிட்டு. நாங்கள் எண்ணியபோது பத்துத்தான் இருந்தன. ஏழாம் இலக்கத்துக்கு நேரே 'சம்பவத்திரட்டு, முதலாவது' என்று எழுதியிருக்கிறது. அது பையில் இல்லை, பெட்டிகளிலும் இல்லை.

ரொறன்ரோவில் உள்ள தம்பியிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆண்டுக் குழுவிலும் உங்களுக்கு மூத்தவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்: 1995இல் குருமனையிலிருந்து ஓர் உரப்பையைச் சைக்கிளில் கட்டிச் சாவகச்சேரிப் பக்கம் கொண்டுபோனவர் யார், வழியில் அதை யாருடைய வீட்டில் இறக்கி வைத்தார்கள்? அந்தப் பட்டியல் தாளைப் படம் எடுத்து உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். கையெழுத்தை யாராவது அடையாளம் காணக்கூடும்.